வீட்டு ஜெபத்துல செய்தி கொடுக்கச் சொல்லிட்டாங்களா? பகுதியைத் தெரிஞ்செடுக்கிறதுல இருந்து பேசி முடிக்கிற வரைக்கும் முழு வழிகாட்டி

"வர்ற வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துல நீங்க செய்தி கொடுங்க தம்பி"ன்னு பாஸ்டரோ சபை ஐயரோ சாதாரணமா சொல்லிட்டுப் போயிடுவாங்க, கேட்டவங்களுக்கு அன்னைக்கு ராத்திரியே பயம் பிடிச்சுக்கும். நான் என்ன வேதாகமக் கல்லூரியில படிச்சேனா, அங்க வர்ற பெரியவங்க எல்லாம் என்னைவிட பைபிள் தெரிஞ்சவங்க, என்னத்த பேசுறதுன்னு. அப்புறம் யூடியூப்ல நாலு செய்தி கேட்டு, அதுல கொஞ்சம் இதுல கொஞ்சம் எடுத்து ஒட்டி ஒப்பேத்திடலாம்னு தோணும். தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. அதைவிட நல்ல வழி இருக்கு, அதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம், ஒரு பைபிள், ஒரு நோட்டு, பேனா, ஒரு வாரம் கொஞ்சம் பொறுமை, இது போதும். சண்டே ஸ்கூல் டீச்சருங்க, யூத் மீட்டிங்ல பேசுறவங்க, பெண்கள் ஐக்கியத்துல தியானம் எடுக்குற அக்காமாருக்கும் இதே வழிதான்.

எஸ்றா 7:10ஐ ஒரு தடவை திறந்து பாருங்க. "கர்த்தருடைய வேதத்தை ஆராயவும், அதின்படி செய்யவும், இஸ்ரவேலிலே கட்டளைகளையும் நீதிநியாயங்களையும் உபதேசிக்கவும், எஸ்றா தன் இருதயத்தைப் பக்குவப்படுத்தியிருந்தான்." ஆராயணும், செய்யணும், அப்புறம்தான் உபதேசிக்கணும். நாம பெரும்பாலும் நடுவுல இருக்கிறத தாண்டிடுறோம், அவசரத்துல முதல்ல இருக்கிறதையும் தாண்டிடுறோம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையிலதான் போகுது, ஏன்னா செய்தி தயார் பண்றதும் தினசரி ஆவிக்குரிய வாழ்க்கையில வளர்றதும் வேற வேற வேலைன்னு நான் நினைக்கல, ஒழுங்கா செஞ்சா ரெண்டும் ஒரே வேலைதான்.

வெறும் அறிவுரையா சொன்னா புரியாது, அதனால ஒரு பகுதியை எடுத்து கடைசி வரைக்கும் அதையே வச்சு சொல்றேன். பிலிப்பியர் 4:10-20, பிலிப்பி ஊர் சபைக்குப் பவுல் எழுதின நிருபத்துல (கடிதத்துல) கடைசி அதிகாரத்துல வர்ற பகுதி.

முதல் படி: தலைப்பை இல்ல, பகுதியைத் தெரிஞ்செடுங்க

"விசுவாசத்தைப் பத்தி பேசலாம்"னு ஆரம்பிச்சா என்ன ஆகும்னா, விசுவாசத்தைப் பத்தி உங்களுக்கு ஏற்கனவே என்ன தெரியுமோ அதைத்தான் பேசுவீங்க, நடுநடுவுல வசனம் வரும், ஆனா வசனம் உங்க கருத்துக்கு வேலைக்காரனா வரும். பகுதியில இருந்து ஆரம்பிச்சா பகுதி சொல்றத நீங்க சொல்லுவீங்க. பத்துப் பன்னிரண்டு வசனம் போதும், ஒரு கதைன்னா கதை முழுசா எடுங்க. எந்தப் பகுதின்னு தெரியலன்னா, இப்போ தனி ஜெபத்துல நீங்க எந்தப் புஸ்தகம் வாசிச்சுக்கிட்டு இருக்கீங்களோ அதுல இருந்தே எடுங்க.

நான் ஏன் பிலிப்பியர் 4ஐ எடுத்தேன்னா, நம்ம வீடுகள்ல அதிகமா தொங்குற வசனம் ஒண்ணு அதுல இருக்கு. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சு வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது யாருக்காவது கண்டிப்பா இது வந்திருக்கும்: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பரீட்சை எழுதுற பிள்ளைங்க ஹால் டிக்கெட் பின்னாடி எழுதி வச்சுக்குற வசனம். வாக்குத்தத்த அட்டையை நான் குறை சொல்லல, அந்த ஒரு வசனத்தைப் பிடிச்சுக்கிட்டே ஒரு வருஷம் கஷ்டத்தைத் தாண்டினவங்க நம்ம சபைகள்ல நிறைய பேர் இருக்காங்க. ஆனா போதிக்கப் போறவங்க அந்த அட்டையோட நிக்கக் கூடாது, அந்த வசனம் இருக்கிற வீட்டுக்குள்ள போய்ப் பார்க்கணும்.

இரண்டாம் படி: முழு நிருபத்தையும் ஒரே மூச்சுல வாசிங்க

பிலிப்பியர்ல 4 அதிகாரம், 104 வசனம். சத்தமா வாசிச்சாலும் கால் மணி நேரம்தான் ஆகும். வெளிநாட்டுல இருந்து அப்பா எழுதின லெட்டர்ல நடுவுல ஒரு வரியை மட்டும் வாசிச்சுட்டு மடிச்சு வச்சிடுவோமா, மாட்டோம்ல, அதே மாதிரிதான் இதுவும். பவுல் எழுதினப்போ அதிகாரமும் கிடையாது வசன எண்ணும் கிடையாது, புதிய ஏற்பாட்டுல இப்ப நாம பார்க்குற வசன எண்களை 1551ல ராபர்ட் எஸ்தியென்ங்கிற அச்சுக்காரர் போட்டாரு. சபை கூடியிருக்கும்போது யாராவது நின்னு முழுசா வாசிப்பாங்க, மத்தவங்க கேட்பாங்க, அப்படித்தான் அந்த நிருபம் முதல்ல மக்கள்கிட்ட போச்சு.

முழுசும் வாசிச்ச பிறகு உங்க பகுதியை மட்டும் தினமும் வாசிங்க, திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும். ஒரு நாள் கையால நோட்டுல எழுதுங்க, இதை நான் ரொம்ப வற்புறுத்திச் சொல்றேன், எழுதும்போது கை மெதுவாத்தான் போகும், அதனால கண்ணு தாண்டிப் போற சின்ன சின்ன வார்த்தையெல்லாம் அப்போதான் மாட்டும். "ஆனாலும்", "ஏனெனில்", "மாத்திரமல்ல" இதெல்லாம் அடிக்கோடு போடுங்க.

மொழிபெயர்ப்பும் ஒண்ணுக்கு ரெண்டா வச்சுப் பாருங்க. நம்ம சபைகள்ல வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு 1871ல வந்த, மிஷனரி ஹென்றி பவர் ஐயர் திருத்தத்துல இருந்து வந்தது, அழகான தமிழ், காதுல நிக்கிற தமிழ், ஆனா பதினெட்டு வயசுப் பையனுக்கு "மனரம்மியம்"னா (மனநிறைவு) என்னன்னு தெரியாது. 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்துல வச்சுக்கிட்டா எங்க விளக்கம் சொல்லணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

மூன்றாம் படி: கேள்வி கேளுங்க, இங்கதான் நேரம் செலவழிக்கணும்

இருக்கிற நேரத்துல பாதியை இதுக்குக் கொடுத்தாலும் தப்பில்ல. யார் எழுதுறா, யாருக்கு, எங்க இருந்து, ஏன், இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, இப்படி கேட்டு பதிலை பைபிள்லயே தேடுங்க. ஒத்தவாக்கிய வேதாகமம் (ஒரு வசனத்தோட தொடர்புள்ள மத்த வசனங்களைப் பக்கத்துலயே காட்டுற பைபிள்) இருந்தா வேலை சுலபம்.

எங்க இருந்து எழுதுறாரு? கட்டுகளோட, காவல்ல இருந்து (1:13). யாருக்கு? அப்போஸ்தலர் 16க்குப் போங்க, அந்த சபை எப்படி ஆரம்பிச்சதுன்னு முழுக் கதையும் இருக்கு. தியத்தீரா ஊர்க்காரி, இரத்தாம்பரம் (ஊதா நிறத் துணி) விக்கிற லீதியாள், அவங்க வீடு. பிறகு பவுலும் சீலாவும் அடி வாங்கி, கால் தொழுமரத்துல மாட்டப்பட்டு, நடுராத்திரியில பாடுனாங்க, சிறைச்சாலைக்காரன் குடும்பத்தோட ஞானஸ்நானம் எடுத்தான். இப்ப யோசிச்சுப் பாருங்க, "எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்"ங்கிற வரியை அந்த சபையில வாசிச்சப்போ, அந்த சிறைச்சாலைக்காரன் குடும்பமும் கூட்டத்துல உட்கார்ந்திருக்கலாம். அவங்களுக்கு அது வெறும் வசனமா இருந்திருக்காது, இவரு சொல்றது உண்மைதான், எங்க ஊர் சிறையிலேயே நாங்க பார்த்தோம்னு இருந்திருக்கும்.

ஏன் எழுதுறாரு? பல காரணத்துல ஒண்ணு, அவங்க அனுப்பின உதவி வந்து சேர்ந்துச்சு (4:18). ரோமக் காலத்துக் காவல்ல இருக்கிறவனுக்கு சாப்பாடும் துணியும் பெரும்பாலும் வெளியில இருக்கிற சொந்தக்காரங்களும் நண்பர்களும்தான் கொண்டு வரணும். பிலிப்பி சபை அனுப்பின எப்பாப்பிரோதீத்து அதைக் கொண்டு வந்தாரு, வந்த இடத்துல வியாதிப்பட்டு சாகிற நிலைமைக்கே போயிட்டாரு (2:25-30). இந்த நிருபம் ரோமாபுரியில இருந்து எழுதப்பட்டதுங்கிறது சபையில ரொம்ப காலமா இருக்கிற கருத்து, அப்படின்னா அந்த மனுஷன் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல பயணம் பண்ணி வந்திருக்காரு.

இப்ப அந்த அட்டை வசனத்துக்கு, 13ம் வசனத்துக்கு வாங்க. "எல்லாவற்றையும்"னா எதை எல்லாம்? முந்தின வசனத்துலேயே பதில் இருக்கு: "திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன்." பட்டினியும் அந்த "எல்லாவற்றிலும்" சேர்த்திதான். நினைச்சதை எல்லாம் சாதிக்கிற பெலனைப் பத்தி அவரு பேசல, நினைச்சது நடக்காதப்பவும் கிறிஸ்துவுக்குள்ள நிக்கிற பெலனைப் பத்திப் பேசுறாரு. வேலை கிடைச்சவனுக்கும் இந்த வசனம் உண்டு, கிடைக்காதவனுக்கும் உண்டு, அதுதான் இதுல இருக்கிற பெரிய ஆறுதல், வசனத்தைத் தனியா எடுத்தா அந்த ஆறுதலில் பாதி போயிடுது.

அங்கேயும் நிறுத்தாதீங்க, 14ம் வசனம் "ஆனாலும்"னு ஆரம்பிக்குது. "ஆனாலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னோடே கூடப் பங்குபெற்றது நலமாயிருக்கிறது." எனக்குக் கிறிஸ்துவோட பெலன் இருக்கு, ஆனாலும் நீங்க கூட நின்னது நல்லது. பெலன் உள்ளவனுக்கும் கூட நிக்க ஆள் வேணும். கஷ்டத்துல இருக்கிறவங்ககிட்ட "ஜெபம் பண்றேன் சிஸ்டர்"னு சொல்லிட்டு நகர்ந்து போறதுக்கு இந்தப் பகுதியில இடமே இல்ல.

19ம் வசனமும் அட்டையில வர்றதுதான்: "என் தேவன் தம்முடைய ஐசுவரியத்தின்படி உங்கள் குறைவையெல்லாம் கிறிஸ்து இயேசுவுக்குள் மகிமையிலே நிறைவாக்குவார்." இது யாருக்குச் சொன்னது? தங்களுக்கே இல்லாதப்போ எடுத்துக் கொடுத்தவங்களுக்கு. 2 கொரிந்தியர் 8:1-2ல மக்கெதோனியா சபைகளோட கொடிய தரித்திரத்தைப் பத்தி பவுலே எழுதுறாரு, பிலிப்பி அந்த மக்கெதோனியாவுலதான் இருக்கு.

பாருங்க, ஒரு கமெண்டரியும் (வேத விளக்கவுரையும்) திறக்கல, இவ்வளவும் பைபிளைப் புரட்டினதுல கிடைச்சது (காவல்ல சாப்பாடு விஷயமும், ரோமாபுரி, தூரக் கணக்கும் மட்டும்தான் வெளியில இருந்து வந்தது). கமெண்டரி வேண்டாம்னு சொல்லல, வியாழக்கிழமை திறங்க, நீங்க கண்டது சரியான்னு பார்க்கிறதுக்கு. திங்கக்கிழமையே திறந்தா உங்க கண்ணு வேலை செய்யாம போயிடும், வேற பிரசங்கியார் செய்தி கேக்குறதுக்கும் இதே கணக்குதான்.

நான்காம் படி: முதல்ல உங்களுக்கு

இதைத் தாண்டிட்டா மத்த எல்லாம் இருந்தும் செய்தி வறண்டு போயிருக்கும், கேக்குறவங்களுக்கு அது தெரிஞ்சிடும். அந்த வாரத்துலேயே பகுதி சொல்றத ஒண்ணாவது செய்யுங்க. பிலிப்பியர் 4ன்னா, எனக்கு எதுல மனநிறைவு இல்ல, யாரோட வீட்டைப் பார்த்து, யாரோட ஸ்டேட்டஸைப் பார்த்து மனசு எரியுதுன்னு தேவன்கிட்ட பேர் சொல்லி ஒத்துக்கொள்றது. உபத்திரவத்துல இருக்கிற ஒருத்தருக்குப் பணமோ சாப்பாடோ ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி துணையோ, எதாவது ஒண்ணு கையால செய்யுறது. இதை வெள்ளிக்கிழமை மேடையில சொல்ல வேண்டியதில்ல, சொல்லாம இருக்கிறதே நல்லது. "கற்றுக்கொண்டேன்"னு பவுல் சொல்றாரே, கத்துக்க அவருக்கும் காலம் ஆகியிருக்கு, அதனால ஒரு வாரத்துல நான் மாறலையேன்னு சோர்ந்து போகாதீங்க.

ஜெபமும் தனியா ஒரு வேலையா வைக்காம அந்த வசனங்களையே ஜெபமா மாத்துங்க. செய்தி கொடுக்காத வாரங்கள்லயும் இதே பழக்கம் ஓடணும், அதுக்கு ஒரு சுலபமான கணக்கு சொல்றேன்: புதிய ஏற்பாட்டுல 260 அதிகாரம், வாரத்துல அஞ்சு நாள் ஒரு அதிகாரம் வாசிச்சா 52 வாரத்துல முடிஞ்சிடும், விட்டுப்போனதைப் பிடிக்க ரெண்டு நாள் மிச்சமும் இருக்கும். பைபிள் முழுசும் ஒரு வருஷத்துலன்னா 1189 அதிகாரம், தினம் மூணுக்கு மேல வாசிக்கணும், அது நல்லதுதான், ஆனா லேவியராகமத்துல வந்து நின்னு போன அனுபவம் நிறைய பேருக்கு இருக்கு, அவங்க முதல்ல 260ல ஆரம்பிக்கட்டும். நோட்டுல தினம் ரெண்டு வரி எழுதுங்க, நான் என்ன கண்டேன், இன்னைக்கு என்ன செய்யப் போறேன். ரெண்டு வருஷம் கழிச்சு அந்த நோட்டே உங்க செய்திகளுக்கு களஞ்சியமா இருக்கும்.

ஐந்தாம் படி: ஒரே வாக்கியம்

எல்லாம் சேர்த்த பிறகு, நான் வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போறேங்கிறத ஒரே வாக்கியத்துல எழுதுங்க. நம்ம உதாரணத்துக்கு: "குறைவுலயும் நிறைவுலயும் நிக்கிற பெலனை கிறிஸ்து தர்றாரு, அந்தப் பெலன் உள்ளவங்க ஒருத்தர் கஷ்டத்துல ஒருத்தர் பங்கெடுக்குறாங்க." இந்த வாக்கியத்துக்கு உதவாதது எவ்வளவு நல்லா இருந்தாலும் வெளிய எடுத்து வச்சிடுங்க. ஒருமனமா இருங்கன்னு பவுல் புத்தி சொல்ற எயோதியாள், சிந்திகேயாள்ங்கிற ரெண்டு பெண்கள் பத்தி (4:2) சொல்ல ஆசையா இருக்கும், இன்னொரு நாள் சொல்லலாம்.

மூணு பாயிண்ட் இருக்கணும், மூணும் ஒரே எழுத்துல ஆரம்பிக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. பகுதியில ரெண்டு விஷயம் இருந்தா ரெண்டு, ஒண்ணு இருந்தா ஒண்ணு. பகுதி போற வரிசையிலேயே போங்க, கேக்குறவங்க பைபிளைப் பார்த்துக்கிட்டே கூட வருவாங்க.

ஆறாம் படி: உதாரணம் தேடும்போது உண்மையை விடாதீங்க

இதைப் பத்திக் கொஞ்சம் அழுத்தமா சொல்ல வேண்டியிருக்கு. கழுகு நாப்பது வயசுல மலை உச்சிக்குப் போய் தன் அலகையும் நகத்தையும் தானே உடைச்சு, இறகைப் பிடுங்கி, புது அலகு முளைச்சு மறுபடி முப்பது வருஷம் வாழும்னு ஏசாயா 40:31க்கு சொல்ற கதை நம்ம மேடைகள்ல எத்தனையோ தடவை வந்திருக்கு. எந்தக் கழுகும் அப்படி செய்யறதில்ல, அலகு போனா அது சாப்பிட முடியாம செத்துப்போயிடும். ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்துல நுழையறதைவிட ஒட்டகம் ஊசியின் காதுல நுழையறது எளிதுன்னு இயேசு சொன்னதுக்கு விளக்கமா, எருசலேம்ல "ஊசியின் காது"ன்னு ஒரு சின்ன வாசல் இருந்துச்சு, ஒட்டகம் முட்டி போட்டு நுழையும்ங்கிறாங்க, இயேசு காலத்துல அப்படி ஒரு வாசல் இருந்ததுக்கு ஆதாரம் கிடையாது, அதுவும் இல்லாம அந்தக் கதை "மனுஷரால் இது கூடாததுதான்"னு இயேசு அடுத்து சொல்றதையே பலவீனமாக்குது. யோசுவா காலத்துல சூரியன் நின்னதால காணாமப்போன நாளை நாசா விஞ்ஞானிகள் கம்ப்யூட்டர்ல கண்டுபிடிச்சாங்கங்கிறதும் பொய். கூட்டத்துல உட்கார்ந்திருக்கிற காலேஜ் பிள்ளை அதே இடத்துல போன்ல தேடிப் பார்த்துடும், கழுகு பொய்னு தெரிஞ்சா கல்லறை காலியா இருந்ததையும் அந்தப் பிள்ளை சந்தேகப்படும். சத்தியத்தைச் சொல்ல வந்தவங்க வாட்ஸ்அப் ஃபார்வர்டைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது.

நல்ல உதாரணம் வேணும்னா உங்க தெருவையும் வேலையையும் பாருங்க. குழுக் கடன் தவணை கட்ட செவ்வாய்க்கிழமை பணம் புரட்டுற அக்கா, துபாய்ல வீட்டுக்காரர் இருக்க தனியா பிள்ளைகளை வளர்க்குற தங்கச்சி, ரெண்டாவது தடவை நீட் எழுதுற பையன், பென்ஷன் இல்லாத தாத்தா, இவங்களுக்கு இந்த வசனம் நாளைக்குக் காலையில என்ன சொல்லுதுன்னு யோசிங்க. ஆனா யாரோட வீட்டுப் பிரச்சினையையும் பேர் சொல்லாமக்கூட தொடாதீங்க, நாப்பது பேர் இருக்கிற சபையில பேர் சொல்லாட்டியும் எல்லாருக்கும் தெரியும். ஜெபக்குறிப்பா உங்ககிட்ட சொன்னது உங்ககிட்டயே இருக்கணும்.

வசனம் தராத வாக்கை நீங்க தராதீங்க. "இந்த மாசத்துக்குள்ள கடன் தீரும்", "மாத்திரையை நிறுத்துங்க, சுகமாயிட்டீங்க" இப்படி ஒரு வார்த்தை வாயில இருந்து வரவே கூடாது. பவுலே குறைவுபடவும் கத்துக்கிட்டேன்னு சொல்றாரு.

ஏழாம் படி: பேசுறது

முழுசா எழுதிப் பாருங்க, பிறகு ஒரு பக்கக் குறிப்பா சுருக்குங்க, அந்தக் குறிப்போட நின்னு போங்க. வியாழக்கிழமை ராத்திரி கதவைச் சாத்திக்கிட்டு சத்தமா ஒரு தடவை பேசி நேரம் பாருங்க. வீட்டு ஜெபத்துக்கு இருபது நிமிஷம் தாராளம், குழந்தைங்க தூங்கி விழும், காலையில வேலைக்குப் போறவங்க இருப்பாங்க.

ஆரம்பத்துல "எனக்கு ஒண்ணும் தெரியாது, தப்பிருந்தா மன்னிச்சுக்கோங்க"ன்னு நீட்டாதீங்க, ஸ்தோத்திரம் சொல்லிட்டு பைபிளைத் திறங்க. புஸ்தகம், அதிகாரம், வசனம் ரெண்டு தடவை சொல்லிட்டு, பக்கம் புரட்டுற சத்தம் அடங்குற வரைக்கும் காத்திருங்க. பகுதியை நிதானமா வாசிங்க, நெகேமியா 8:8ல லேவியர் "தீர்க்கமாய் வாசித்து, அர்த்தஞ்சொல்லி" விளங்கப்பண்ணினாங்கன்னு இருக்கு, வாசிப்பும் ஊழியம்தான். அந்த இருபது நிமிஷத்துல தேவனே எழுதிக் கொடுத்த வார்த்தை அது மட்டும்தான்.

பேச்சு மொழி உங்க வீட்டு மொழியாவே இருக்கட்டும், நாகர்கோவில்காரர் நாகர்கோவில் தமிழ்லயே பேசலாம். மேடைக் குரல் ஒண்ணு தனியா வேண்டாம். 1706ல தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோட உட்கார்ந்து மணல்ல எழுதித் தமிழ் படிச்சாரு, 1715ல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சாகி வந்துச்சு, ஜனங்க பேசுற மொழிக்காக ஒருத்தர் அவ்வளவு இறங்கி வந்திருக்காருன்னா நமக்கு இது பெரிய காரியமே இல்ல. பக்கத்து வீட்டு இந்து அக்கா, முஸ்லிம் நண்பர் கூட வீட்டு ஜெபத்துக்கு வருவாங்க, "இரட்சிப்பு", "அபிஷேகம்"ங்கிற வார்த்தை வரும்போது ஒரு வரியில விளக்கிடுங்க, அவங்க விசுவாசத்தைக் கேலி பண்ற எதுவும் வேண்டவே வேண்டாம், இயேசுவைச் சொல்ல அது தேவையில்ல.

முடிக்கும்போது அந்த ஒரே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லி, இந்த வாரம் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைச் சொல்லி, ஜெபத்துக்குப் போயிடுங்க.

எட்டாம் படி: முடிஞ்ச பிறகு

"நல்லா இருந்துச்சு பிரதர்"னு நாலு பேர் சொல்லுவாங்க, சொல்லாமலும் போவாங்க, ரெண்டையும் பெருசா எடுத்துக்காதீங்க. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட, மனைவியோ பாஸ்டரோ, "செய்தியில உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு, எங்க புரியல"ன்னு கேளுங்க. அப்பொல்லோ பெரிய பேச்சாளர், வேதாகமங்கள்ல வல்லவர், ஆனாலும் கூடாரத் தொழில் செஞ்ச ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தனியா கூட்டிட்டுப் போய் இன்னும் திட்டமாய் விவரிச்சுக் கொடுத்தாங்க (அப்போஸ்தலர் 18:24-26), அவரும் கேட்டுக்கிட்டாரு. சபை வளர்றதுக்கு அப்படித் திருத்துறவங்களும் வேணும், திருந்துறவங்களும் வேணும். கேக்குறவங்களையும், பவுல் சொன்னதை வேதத்துல சரிபார்த்த பெரோயா ஊர்க்காரங்க (அப்போஸ்தலர் 17:11) மாதிரி "காரியங்கள் இப்படியிருக்கிறதா"ன்னு வீட்டுல போய் ஆராய்ந்து பார்க்கச் சொல்லுங்க, உங்க வார்த்தையையும் சேர்த்துத்தான்.

சண்டே ஸ்கூல்ல இதே பகுதியைச் சொல்லணும்னா எப்பாப்பிரோதீத்து பயணத்தைக் கதையா சொல்லுங்க, காவல்ல இருக்கிறவருக்கு என்னென்ன கொண்டு போயிருப்பாருன்னு பிள்ளைகளையே கேளுங்க, பிறகு வியாதியா இருக்கிற ஒரு தாத்தாவுக்கோ பாட்டிக்கோ எல்லாருமா சேர்ந்து ஒரு கார்டு எழுதி அனுப்புங்க. வசனம் மனப்பாடமும் 13ஐ மட்டும் கொடுக்காம 12ஐயும் 13ஐயும் சேர்த்துக் கொடுங்க.

மறுபடி கூப்பிட்டாங்கன்னா புதுசா எங்கயும் தேட வேண்டாம், பிலிப்பியர்லயே 2:19-30 எடுங்க. தீமோத்தேயு, எப்பாப்பிரோதீத்து ரெண்டு பேரையும் பவுல் எப்படி மெச்சிக்கிறாருன்னு எழுதிப் பாருங்க, அதே அதிகாரத்துல மேல 5ல இருந்து 11 வரைக்கும் கிறிஸ்து தம்மைத் தாழ்த்தினதைப் பத்தி சொன்னதுக்கும் இந்த ரெண்டு பேருக்கும் என்ன சம்பந்தம்னு கேளுங்க, திங்கக்கிழமை காலையில ஆரம்பிச்சிடுங்க.